ஒரு குகை, இரண்டு படம், ஓயாத சண்டை... தெரியுமா?

கொடைக்கானலில் குணா குகைக்குப் போகும் பாதையில் ஓர் இடம் உண்டு. சோலை மரங்களின் வேர்கள் மண்ணுக்கு வெளியே வந்து, பாம்புக் கூட்டம் படுத்திருப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். வருகிறவர்கள் யாரும் அங்கே நின்று ஒரு போட்டோ எடுக்காமல் நகர்வதில்லை. மூச்சு வாங்க நானும் அங்கே நின்றேன். பக்கத்தில் ஒரு மதுரைக் குடும்பம். அப்பாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மகள் காலேஜ் படிக்கிற பெண். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றைக் கடித்துக்கொண்டே அப்பா ஆரம்பித்தார்.

“இதுதாம்மா கமல் குகை. தீபாவளியன்னைக்கே முதல் ஷோ பாத்தவன் நான்.”

“தெரியும்ப்பா. சுபாஷ் விழுந்த குழி.”

“அது நம்ம பாட்ட வச்சு ஓட்டுன படம்மா.”

“நீங்க ஓட விடாத படத்த அவங்கதான்ப்பா ஓட்டுனாங்க!”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. வேலி வரை போய், திரும்பி ஏறி, பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்காரும்வரை அந்த வாக்குவாதம் ஓயவில்லை. 1991-ல் இந்தக் குகையில் எடுத்த கமலின் ‘குணா’ பெரிதா, 2024-ல் வந்த மலையாளப் படம் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ பெரிதா? பழைய படத்தைப் புதுப் படம் வாழவைத்ததா, இல்லை பழைய படத்தின் தோளில் ஏறிக்கொண்டதா? இந்த ஒரு சண்டைக்குள் எத்தனை ஆச்சரியங்கள் ஒளிந்திருக்கின்றன தெரியுமா?

முதலில், இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை. கடல் கடந்து இதே சண்டையை சூப்பர்மேனை வைத்துப் போடுகிறார்கள்! 1978-ல் ரிச்சர்ட் டோனர் இயக்கத்தில் கிறிஸ்டோபர் ரீவ் பறந்தாரே, அந்தப் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட எக்காள இசை ரசிகர்களின் ரத்தத்தில் ஊறிப்போனது. 2006-ல் ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ எடுத்தவர்கள் அந்த மெட்டைத் தொடாமல் வைத்துக்கொண்டார்கள். 2013-ல் ஸாக் ஸ்னைடர் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ எடுத்தபோது பழைய மெட்டு போயே போய்விட்டது. ஹான்ஸ் ஸிம்மர் புதிதாகப் போட்டார். போதாததற்கு, கதாநாயகன் வில்லனின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். “எங்கள் சூப்பர்மேன் கொல்ல மாட்டான்” என்று ஒரு பக்கம், “இவன்தான் ரத்தமும் சதையுமான மனிதன்” என்று ஒரு பக்கம். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் எடுத்த ‘சூப்பர்மேன்’ வந்தது. அதில் என்ன திரும்பி வந்தது தெரியுமா? ஜான் வில்லியம்ஸின் அதே மெட்டு!

நடிகரை மாற்றலாம், உடையை மாற்றலாம், கதையைக்கூட மாற்றலாம். பாட்டில் கை வைத்தால் மட்டும் ரசிகனுக்குப் பொறுக்காது. குணா குகையின் கதையும் ஒரு பாட்டின் கதைதான். அதற்கு வருகிறேன்.

நமக்கு சூப்பர் ஹீரோக்களே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. அதில் வந்தவர் யார் தெரியுமா? இரும்புக்கை மாயாவி! மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியுமே, அவரேதான். பிரிட்டனிலிருந்து வந்தவர், நம்மூர்ப் பையன்களின் டிரங்குப் பெட்டிக்குள் குடியேறிவிட்டார். அந்தப் பெயரில் ஒரு படம் எடுப்பது தன் கனவு என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல முறை சொல்லியிருக்கிறார்.

அந்த லோகேஷ் 2022-ல் எடுத்த ‘விக்ரம்’, 1986-ல் வந்த ‘விக்ரம்’ படத்தின் மறுபிறவி. சுஜாதா எழுத, கமல் ஏஜெண்டாக வந்து ‘அக்னிபுத்திரன்’ என்ற ஏவுகணையைத் தேடி சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போவாரே, அந்தப் படம். முப்பத்தாறு வருஷம் கழித்து அதே ஏஜெண்டைத் தாடியும் நரையுமாகக் கொண்டுவந்து நிறுத்தினார் லோகேஷ். சுஜாதாவின் குறும்பு இதில் எங்கே என்று பழைய ரசிகர்கள் கேட்டார்கள், இதுதான் நிஜ விக்ரம் என்று புதியவர்கள் மார்தட்டினார்கள். அந்தப் புது விக்ரமில் ஓய்வுபெற்ற ஏஜெண்டாக, கனத்த உடம்போடு துப்பாக்கி தூக்கும் பெரியவர் ஒருவர் வருவாரே, அவர் யார் தெரியுமா? சந்தான பாரதி! ‘குணா’ படத்தை இயக்கிய அதே சந்தான பாரதி!

சரி, மலைக்கு வருவோம்.

குணா குகைக்கு ‘குணா’ என்ற பெயரை வைத்தது யார் தெரியுமா? அரசாங்கம் இல்லை, ஆங்கிலேயர் இல்லை, சினிமா பார்த்த ஜனங்கள்! 1821-ல் பழனி மலையை அளக்க வந்த பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த இடத்தைப் பதிவு செய்தார். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘டெவில்ஸ் கிச்சன்’, பேயின் அடுப்படி. நானூறு அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் தூண்பாறைகளின் இடுக்குகளில் இருக்கிறது குகை. உள்ளே வௌவால், இருட்டு, எங்கே முடியும் என்று கண்ணுக்குப் புலப்படாத பிளவுகள். இந்த மலையில் மூடுபனி ஒரு நிமிஷத்தில் வந்து மூடும், அடுத்த நிமிஷத்தில் விலகும். அந்தப் பிளவுகளிலிருந்து வெள்ளையாக எழும்பும்போது அடுப்புப் புகை என்று யாரும் நினைத்துவிடலாம். 170 வருஷம் அந்தப் பெயர்தான் இருந்தது. ஒரே ஒரு படம் வந்தது, வெள்ளைக்காரன் வைத்த பெயர் மறைந்தேபோனது! இன்றைக்கு வழிகாட்டிப் பலகை, டாக்ஸிக்காரர், வரைபடம் எல்லாம் சொல்வது ‘குணா குகை’. தியேட்டரில் சரியாக ஓடாத ஒரு படத்தின் நாயகன் பெயர் ஒரு மலையின் பெயராக நின்றுவிட்டது. ஓடின படங்கள் எத்தனைக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது?

அந்தப் படத்துக்கே முதலில் வைத்த பெயர் ‘குணா’ இல்லை என்பது தெரியுமா? ‘மதிகெட்டான் சோலை’! அதுவும் கொடைக்கானலில் இருக்கிற நிஜக் காடுதான். உள்ளே போனவன் திசை தெரியாமல், புத்தி தடுமாறி, வெளியே வரமாட்டான் என்பதால் அந்தப் பெயர். மனம் பிறழ்ந்த ஒருவனின் காதல் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. ஆனால் தலைப்பிலேயே ‘கெட்டான்’ என்று வருகிறதே என்று மாற்றிவிட்டார்கள். இன்னொன்று. எல்லை தாண்டி இடுக்கிக்குப் போனால் அங்கேயும் ‘மதிகெட்டான் சோலை’ என்றே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது! மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மனிதர்கள் ஒரே மாதிரி வழி தவறியிருக்கிறார்கள், ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள்.

“நம்ம படம், நம்ம பாட்டு” என்று அந்த அப்பா சொன்னாரே, அதிலும் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. ‘குணா’வின் கதை, திரைக்கதையை எழுதியவர் யார் தெரியுமா? சாப் ஜான், மலையாளி. அந்தக் குகைக்குள் வெளிச்சத்தைப் பிடித்த ஒளிப்பதிவாளர் வேணு, அவரும் மலையாளி. வசனம் நம் பாலகுமாரன், பாட்டு நம் வாலி, இசை நம் ராஜா. அப்படியானால் ‘குணா’ யாருடைய படம்? கயிறும் கப்பியும் கட்டி, ஆட்களையும் சாமான்களையும் அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி ஏற்றிய காலம் அது. இன்றைய கிராஃபிக்ஸ் வசதி எதுவும் கிடையாது. தமிழும் மலையாளமும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் என்றுதான் நான் சொல்வேன்.

1991 நவம்பர் 5, தீபாவளி. ‘குணா’வும் வந்தது, ‘தளபதி’யும் வந்தது. இந்தப் பக்கம் கமல், அந்தப் பக்கம் ரஜினி, கூடவே மம்மூட்டி, மணிரத்னம். இரண்டு படத்துக்கும் இசை யார் தெரியுமா? இளையராஜாவேதான்! ஒரே நாளில், ஒரே மனிதரிடமிருந்து ‘ராக்கம்மா கையத் தட்டு’ம் வந்தது, ‘கண்மணி அன்போடு காதல’னும் வந்தது. ‘தளபதி’க்கு கேமரா பிடித்த சந்தோஷ் சிவனும் கேரளத்துக்காரர். அந்தத் தீபாவளிக்குத் தமிழ்நாடே சண்டை போட்டுக்கொண்ட இரண்டு படங்களையும் ஒளியில் வரைந்தவர்கள் இரண்டு மலையாளிகள்!

‘தளபதி’ ஜெயித்தது. ‘குணா’ எதிர்பார்த்த அளவு போகவில்லை. நாயகி அபிராமியாக நடித்த ரோஷிணிக்கு அது ஒன்றுதான் படம், அதன்பின் அவர் திரையில் வரவே இல்லை. ஆனால் படம் செத்துப்போகவில்லை. டிவியில் போடும்போதெல்லாம் யாரோ ஒரு பையன் புதிதாக அதில் மாட்டிக்கொண்டான். கேசட் கடையில், பஸ்ஸில், டீக்கடையில் அந்தப் பாட்டு விடாமல் உயிரோடு இருந்தது. காடு வழியாக, கள்ளிப்பெட்டி ரேடியோ வழியாக எல்லை தாண்டி கேரளத்துக்கும் போயிருக்கிறது. அதனால்தான் கொச்சிப் பையன்கள் கொடைக்கானல் வந்தால் ஏரியைப் பார்த்ததும் குணா குகை எங்கே என்று கேட்டார்கள்.

2006 செப்டம்பர். எர்ணாகுளம் மாவட்டத்தில் ஏலூர் பக்கத்தில் இருக்கிற மஞ்சும்மல் என்ற ஊரிலிருந்து ஒரு நண்பர் கூட்டம் மலையேறியது. தடுப்பைத் தாண்டிக் குகைக்குள் போனார்கள். இலைச்சருகு மூடியிருந்த குழி ஒன்றில் சுபாஷ் காலை வைத்தார், காணாமல் போனார். ஏறத்தாழ நூறு அடி! விழுந்தவர் உயிரோடு வந்ததாக அந்தக் குகைக்கு அதுவரை பெயர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். போலீஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது, மழையும் வந்தது. உள்ளே இறங்க முன்வந்தவர் யார் தெரியுமா? பயிற்சி பெற்ற வீரர் யாரும் இல்லை. நண்பர்கள் குட்டன் என்று கூப்பிடும் சிஜு டேவிட். இடுப்பில் கயிறு, தலையில் விளக்கு. நண்பனைத் தன்னோடு கட்டிக்கொண்டு மேலே வந்தார். மத்திய அரசின் ஜீவன் ரக்‌ஷா பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கேப் கட்டிக்கொண்டு பறக்கிற நாயகர்களைத் திரையில் ஆயிரம் பேரைப் பார்க்கிறோம். இவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே இறங்கினார்.

அந்த 2006-ம் ஆண்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு, தெரியுமா? அது குறிஞ்சி பூத்த ஆண்டு! பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பழனி மலை நீலமாகிறது. 1994, 2006, 2018. அந்தப் பூவுக்கு 2006-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. மலை முழுக்க நீலம் விரியும் பருவத்தில்தான் அந்தக் குழிக்குள் ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அடுத்த பூ 2030-ல்.

பூவைச் சொன்னபிறகு அதன் சாமியைச் சொல்லாமல் போவதா? கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறதே, 1936-ல் அதைக் கட்டியவர் இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி. பிறப்பால் ஐரோப்பிய வம்சத்தவர்! வானம் தெளிந்திருந்தால் அந்தக் கோயிலிலிருந்தே கீழே பழனி முருகன் கோயில் குன்று தெரியும். ஒரு பழத்துக்குக் கோபித்துக்கொண்டு வந்து நின்ற முருகன் கதையை ஏ.பி. நாகராஜன் 1965-ல் ‘திருவிளையாடல்’ படத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். இரண்டே வருஷத்தில், 1967-ல், அதே முருகனை நாயகனாக்கி ‘கந்தன் கருணை’ எடுத்தார். அதற்கு இசையமைத்த கே.வி. மகாதேவனுக்குக் கிடைத்ததுதான் சிறந்த இசையமைப்பாளருக்கான முதல் தேசிய விருது! ஒரே நாயகனைத் திரும்பத் திரும்பப் பார்க்க நாம் அலுத்ததே இல்லை. பாட்டு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2024 பிப்ரவரி 22. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்தது. சிதம்பரம் என்ற இளம் இயக்குநர் (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், மலையாளிதான்) அந்த நண்பர்களின் கதையைப் படமாக்கினார். முழுக்க நடுங்கிக்கொண்டே பார்த்தோமே, அந்தக் குகையின் உட்புறம் எங்கே எடுத்தது தெரியுமா? கொடைக்கானலில் இல்லை. கேரளத்தின் பெரும்பாவூரில், ஒரு கிடங்குக்குள் போட்ட செட்! கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி பாறையின் ஈரத்தையும் பாசியையும் வழுக்கலையும் அப்படியே கொண்டுவந்திருந்தார். நிஜக் குகையைப் பார்த்த எனக்கே தியேட்டரில் உள்ளங்கை வேர்த்தது. உலக அளவில் இருநூறு கோடி ரூபாயைத் தாண்டிய முதல் மலையாளப் படம் அதுதான். தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பது கோடியைத் தாண்டிய முதல் மலையாளப் படமும் அதுவேதான். அதுவும் எப்படி? தமிழில் டப் செய்யாமல், மலையாளத்திலேயே! மதுரையிலும் சேலத்திலும் நெல்லையிலும் ஜனங்கள் மலையாளத்தில் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்குக் காரணம் அந்தப் பாட்டு. ‘கண்மணி அன்போடு’ பாட்டை ஒரு தடவை மறுபடி கேட்டுப் பாருங்கள். அது ஒரு கடிதம். எழுதத் தெரியாத ஒருவன் சொல்லச் சொல்ல அவள் அதைப் பாட்டாக்குகிறாள். பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும். மனசுக்குள் இருப்பது வார்த்தையாக வரமாட்டேன் என்கிறதே என்று அவன் தவிக்கிற தவிப்பும் பாட்டுக்குள்ளேயே இருக்கும். கமல் பேசுவார், எஸ். ஜானகி பாடுவார். வாலி அந்தத் தடுமாற்றத்தையே வரியாக்கினார், இளையராஜா அந்தத் தடுமாற்றத்துக்கே மெட்டுப் போட்டார். இது சாதாரணக் காதல் இல்லை, மனிதர்களுக்குப் புரிவதையும் தாண்டியது என்று குணா கடைசியில் சொல்வான் இல்லையா? 1991-ல் அது ஒரு பெண்ணுக்காக.

2024-ல் அதே வரி எங்கே வருகிறது? சேறு அப்பிய இரண்டு உடம்புகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டுக் கயிற்றில் மேலேறுகின்றன. மேலே பத்துக் கைகள் இழுக்கின்றன. கையெல்லாம் கயிறு அறுத்த ரத்தம். குழி வாயில் வெளிச்சம் தெரிகிறது. அப்போது அந்த வரி விழுகிறது. தியேட்டர் முழுக்க எழுந்து கத்தியது, நானும் கத்தினேன். முப்பத்திரண்டு வருஷமாகக் காதலுக்கு என்று நாம் வைத்திருந்த ஒரு பாட்டை ஒரே நொடியில் நட்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு ஸ்வரத்தை மாற்றவில்லை, ஒரு சொல்லைத் தொடவில்லை. ரீமிக்ஸ் என்ற பெயரில் பழைய பாட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடுவதும் அந்தப் பாட்டின்மேல்தான். படம் வந்த சில நாட்களில் கமலே அந்தக் குழுவைச் சென்னைக்கு வரவழைத்துப் பேசினார்.

அப்படியானால் சண்டை எங்கிருந்து வந்தது? மூன்று திசையிலிருந்து.

முதலாவது, பாட்டு யாருடையது என்ற சண்டை. 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து படக்குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்று தயாரிப்புத் தரப்பு சொன்னது. ரசிகர்கள் கட்சி பிரிந்தார்கள். “மறந்துபோன பாட்டுக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸா?” என்று ஒரு கட்சி. “அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அந்தக் கிளைமாக்ஸே இல்லை, அதைப் படைத்தவரைக் கேட்க வேண்டாமா?” என்று இன்னொரு கட்சி. சட்டம் என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பாட்டு மறந்துபோனது என்று சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறந்துபோன பாட்டுக்குத் தியேட்டர் எழுந்து நிற்குமா? முதல் எழுத்திலேயே ஜனங்களுக்குப் புரிந்ததால்தானே கத்தினார்கள்!

இரண்டாவது சண்டையை மூட்டியவர் எழுத்தாளர் ஜெயமோகன். குடித்துவிட்டுக் காட்டுக்குள் புகுந்து அட்டகாசம் செய்கிறவர்களை இந்தப் படம் கொண்டாடுகிறது என்று அவர் கடுமையாக எழுதினார். உடைத்துப் போடும் பாட்டில்கள் யானையின் காலைக் கிழிப்பதைச் சொன்னார். எழுதின தோரணை பலரைக் காயப்படுத்தியது, கேரளத்திலிருந்து எதிர்ப்பு வந்தது, இங்கேயும் வந்தது. ஒரு கூட்டத்தின் தப்பை ஓர் ஊர்க்காரர்கள் எல்லோர் தலையிலும் வைப்பது சரியில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பாட்டில் விஷயம்? அது பொய் இல்லையே. பழனி மலைச் சாலையில் எந்த வளைவில் வேண்டுமானாலும் இறங்கிப் பாருங்கள், காலடியில் கண்ணாடிச் சில்லு மின்னும். அதைப் போட்டவர்களில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு, தெலுங்கும் உண்டு.

மூன்றாவது சண்டை ‘குணா’வின் மேலேயே. புதுப் படத்தால் பழைய படத்தைத் தேடிப் பார்த்த இளையவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: “ஒரு பெண்ணைக் கடத்திக் குகையில் அடைத்துவைப்பது காதலா?” அந்த மதுரைப் பெண்ணும் இதைத்தான் அப்பாவிடம் கேட்டாள்.

“அவளக் கட்டிப்போட்டுத்தானப்பா வச்சிருந்தான்? அவ பயந்து செத்திருப்பா.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

“அவனுக்கு மனசு சரியில்லம்மா. சரியில்லாதவனுக்குள்ளயும் இவ்ளோ அன்பு இருக்கேன்னுதான் நாங்க அழுதோம்.”

“அழுதது சரிப்பா. ஆனா அவ பக்கமும் யாராச்சும் அழுதிருக்கணும்ல?”

முப்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ‘குணா’ மேல் எனக்கு இருக்கிற பிரியம் இதனால் ஒரு பிடிகூடக் குறையவில்லை, ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது அபிராமியின் முகத்தைத்தான் பார்ப்பேன். ஒரு படம் இப்படி இரண்டாம் முறை பார்க்க வைப்பதற்குப் பெயர்தான் மறுபிறவி. ‘குணா’வை இன்னொரு நடிகரை வைத்துத் திரும்ப எடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

இந்த ஆரவாரத்தில் ‘குணா’ மறுபடி தியேட்டருக்கு வரத் தயாரானது. 2024 ஜூலையில் பதிப்புரிமை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. தடை நீங்கி நவம்பர் கடைசியில் படம் திரைக்கு வந்தது. டிசம்பர் 12, ரஜினி பிறந்த நாளன்று எது திரும்ப வந்தது தெரியுமா? ‘தளபதி’! 1991 தீபாவளிக்கு ஒரே நாளில் மோதிய இரண்டு படங்களும் முப்பத்து மூன்று வருஷம் கழித்து இரண்டு வார இடைவெளியில் மறுபடி எதிரெதிரே நின்றன. அந்தக் காலத்தில் பேனர் கட்டிச் சண்டை போட்டவர்கள் இந்த முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு படத்துக்கும் போனார்கள்.

‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு குணா குகையில் கூட்டம் அலைமோதியது. அதில் சிலர் வேலியைத் தாண்டி உள்ளே இறங்கப் பார்த்து வனத்துறையிடம் மாட்டினார்கள். இரும்பு வேலி இருக்கிறது, எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, ஆனாலும் ஒரு செல்ஃபிக்காக! நண்பனை மீட்ட கதையைப் பார்த்துவிட்டு நண்பனைக் குழியில் தள்ளுகிற வேலையைச் செய்யலாமா? ஒருவர் பிழைத்தார் என்பதுதான் அந்தக் குகையின் அதிசயம், அதை இன்னொரு முறை சோதிக்க வேண்டாம்.

நீங்கள் போகிறீர்களா, கட்டாயம் போங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும், வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கண்ணாடிப் பாட்டில் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். வேரின்மேல் பெயர் கிறுக்காதீர்கள். வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, போனில் அந்தப் பாட்டை மெதுவாகப் போட்டுக் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் ‘குணா’ கட்சியா, ‘மஞ்சும்மல்’ கட்சியா என்று கேட்டுச் சண்டையை ஆரம்பியுங்கள். மாங்காய்ப் பத்தை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள், பேச்சு நீளும்.